ரெட் புல் ஜூனியர் டீம்: பள்ளிக்கூடமா, நுழைவுத் தேர்வா?

ரிசல்ட் வந்த மறுநாள் நம்ம ஊர் கோச்சிங் சென்டர் வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபிளெக்ஸ் பேனரில் முதல் ரேங்க் வாங்கிய பையன் படம், பக்கத்தில் இரண்டாவது ரேங்க் வாங்கிய பெண்ணின் படம். நாலு தெரு தள்ளி இன்னொரு சென்டர் பேனரிலும் அதே பையன் சிரித்துக்கொண்டிருப்பான். பாதியில் நின்றுபோன முந்நூறு பேருக்கு எந்தச் சுவரிலும் இடம் கிடையாது.

ரெட் புல் ஜூனியர் டீம் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்த பேனர்தான் ஞாபகம் வரும். அதிலும் இரண்டு படங்கள். செபாஸ்டியன் வெட்டல், நான்கு உலகப் பட்டங்கள் (2010 முதல் 2013 வரை). மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், நான்கு உலகப் பட்டங்கள் (2021 முதல் 2024 வரை). கூட்டினால் எட்டு. "இளம் ஓட்டுநர்களை வளர்ப்பதில் இவங்களை மிஞ்ச ஆளே இல்லை" என்று ரசிகர்கள் சொல்வார்கள். "கொஞ்சம் கொடூரமான சிஸ்டம்தான், ஆனா வேலை செய்யுது" என்று ஒரு வால் சேர்ப்பார்கள்.

அந்த வாலைத்தான் இந்தக் கட்டுரையில் பிடித்து இழுக்கப் போகிறேன். கொடூரம் என்பது சரி. ஆனால் வேலை செய்தது அந்தக் கொடூரமா?

கதை சுருக்கமாக

இதன் மூளை ஹெல்முட் மார்கோ. 1943-ல் பிறந்த ஆஸ்திரியர், சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1971-ல் கைஸ் வான் லெனெப்புடன் சேர்ந்து போர்ஷே 917-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார். அன்று அவர்கள் ஓடிய தூரம், 5,335 கிலோமீட்டர் சொச்சம், 2010 வரை முறியடிக்கப்படாத சாதனை. அடுத்த வருடமே, 1972 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், முன்னால் போன காரின் சக்கரம் தூக்கி எறிந்த கல் ஹெல்மெட் கண்ணாடியைத் துளைத்து அவருடைய இடது கண்ணைப் பறித்தது. அப்போது வயது 29. ஓட்டுநர் வாழ்க்கை அதோடு முடிந்தது.

பிறகு சொந்தமாக அணி நடத்தினார். 1996-ல் அவர் அணியின் யோர்க் முல்லர் ஃபார்முலா 3000 பட்டம் வென்றார். 1997-ல் அதே அணியில் ஓட்டியவர் ஹுவான் பாப்லோ மோன்டோயா. ஆக, திறமையை மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு ரெட் புல் பணம் வருவதற்கு முன்பே இருந்தது. 2001 முதல் அந்த மூக்கும் டீட்ரிக் மாட்டெஷிட்ஸின் பணமும் சேர்ந்து ரெட் புல் ஜூனியர் டீம் என்ற பெயரில் இயங்க ஆரம்பித்தன.

இதிலே ஒரு வேடிக்கை. அதே 2001 சீசனுக்கு, ரெட் புல்லுக்குப் பெரும் பங்கு இருந்த சாபர் அணி ஒரு ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மாட்டெஷிட்ஸ் விரும்பியது அவர்கள் வளர்த்த பிரேசில்காரர் என்ரிக்கே பெர்னோல்டியை. பீட்டர் சாபர் கேட்கவில்லை. மொத்தமே 23 கார் பந்தயங்கள் ஓட்டியிருந்த ஒரு ஃபின்லாந்துப் பையனை எடுத்தார். பெயர் கிமி ரைக்கோனன். 2007 உலக சாம்பியன். பெர்னோல்டி ஆரோஸ் அணிக்குப் போய், ஒரு புள்ளியும் எடுக்காமல் திரும்பினார். முதல் அத்தியாயமே இப்படி. ஆனால் பேனரில் இது வராது இல்லையா?

2004 முடிவில் ரெட் புல் ஜாகுவார் அணியை வாங்கியது. 2005-ல் இத்தாலியின் ஃபாயென்ஸாவில் இருந்த மினார்டியையும் வாங்கி, 2006 முதல் 'டோரோ ரோஸ்ஸோ' என்று இறக்கியது. இப்போது ஏணி முழுமையாகிவிட்டது. கீழே ஃபார்முலா 3, நடுவில் டோரோ ரோஸ்ஸோ, உச்சியில் ரெட் புல் ரேசிங்.

பதினான்கு பேர்

எக்ஸெல் ஷீட் போடாமல் எனக்கு எதுவும் புரியாது, தொழில் வியாதி. டோரோ ரோஸ்ஸோ என்ற பெயர் இருந்த 2006 முதல் 2019 வரையான பதினான்கு சீசன்களை எடுத்துக்கொண்டேன். பந்தயம் ஓட்டியவர்கள் சரியாகப் பதினான்கு பேர்: லியுட்ஸி, ஸ்காட் ஸ்பீட், வெட்டல், போர்டே, புயெமி, அல்கெர்சுவாரி, ரிக்கியார்டோ, வெர்ன், க்வியாட், வெர்ஸ்டாப்பன், சைன்ஸ், காஸ்லி, ஹார்ட்லி, ஆல்பான். இதில் போர்டே மட்டும் அமெரிக்காவில் நான்கு சாம்ப் கார் பட்டங்கள் வாங்கிவிட்டு வந்த வெளியாள்.

அங்கிருந்து ரெட் புல்லுக்கு ஏற்றப்பட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் மூவர் (வெட்டல், ரிக்கியார்டோ, வெர்ஸ்டாப்பன்) நிலைத்தார்கள். க்வியாட்டும் காஸ்லியும் திரும்பக் கீழே இறக்கப்பட்டார்கள், ஆல்பான் வெளியே அனுப்பப்பட்டார். பதினான்கில் மூன்று. இது மோசமான விகிதமே இல்லை. ஃபார்முலா 1-ல் இருக்கும் சீட்டே இருபது சொச்சம்தான், எல்லோரும் ஜெயிக்க முடியாது.

என்னை உறுத்தியது ஏற்றப்படாத மீதி எட்டுப் பேரின் கதை. அடுத்த காலத்தில் "இவங்க பிறகு என்ன செய்தாங்க" என்று எழுதிக்கொண்டே போனேன்.

செபாஸ்டியன் புயெமி: 2011 முடிவில் கழற்றிவிடப்பட்டார். பிறகு டொயோட்டாவுடன் லெ மான் பந்தயத்தை நான்கு முறை ஜெயித்தார், ஒரு ஃபார்முலா ஈ பட்டமும் வாங்கினார். ஜான் எரிக் வெர்ன்: 2014 முடிவில் வெளியே. பிறகு ஃபார்முலா ஈ பட்டம் இரண்டு முறை. பிரெண்டன் ஹார்ட்லி: 2010-ல் ஜூனியர் டீமிலிருந்தே நீக்கப்பட்டவர். பிறகு போர்ஷேயுடன் லெ மான் வெற்றி, உலக எண்டியூரன்ஸ் பட்டம். ஆள் பஞ்சம் வந்தபோது 2017-ல் திரும்ப அழைத்தார்கள், 2018 முடிவில் திரும்ப அனுப்பினார்கள். அதற்குப் பிறகு டொயோட்டாவுடன் இன்னும் இரண்டு லெ மான். கார்லோஸ் சைன்ஸ்: ரெட் புல் சீட் கிடைக்காமலே வெளியேறி, ஃபெராரியில் நான்கு கிராண்ட் பிரீ ஜெயித்தார்.

எட்டில் நான்கு பேர் உலகத் தரம். டோரோ ரோஸ்ஸோ வரைக்கும்கூட வராத அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்டாவைச் சேர்க்கவே இல்லை. 2014 சீட் க்வியாட்டுக்குப் போனதால் நின்றுபோனவர், பின்னாளில் ஃபார்முலா ஈ சாம்பியன்.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது இரண்டு முடிவுகள். ஒன்று, மார்கோவின் கண் அபாரம். ஒரு கண்ணை இழந்த மனிதர் பத்து வயதுப் பையன்களுக்குள்ளே இருந்ததை மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்த்தார். இதை மனதாரச் சொல்கிறேன். இரண்டு, எடுத்த பிறகு அவர்களை வைத்து என்ன செய்வது என்பது அவருடைய சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் வளர்ந்தார்கள்.

பேனரில் இருக்கும் இரண்டு படங்கள்

"சரி, வெட்டலும் வெர்ஸ்டாப்பனும் அங்கேயே வளர்ந்தவங்கதானே?" என்று கேட்கலாம். பார்ப்போம்.

வெட்டல் ஹெப்பன்ஹைம் ஊர்த் தச்சரின் மகன். கார்ட்டிங் காலத்திலேயே ரெட் புல் கைகொடுத்தது. அது இல்லாவிட்டால் அவர் எங்கே போயிருப்பார் என்று சொல்ல முடியாது, அந்தப் பெருமை ரெட் புல்லுக்கு உரியது. ஆனால் 2004-ல் இருபது பந்தயங்களில் பதினெட்டை ஜெயித்து அவர் நொறுக்கியது பிஎம்டபிள்யூ நடத்திய தொடரை. பிறகு ஃபார்முலா 1 காரில் ஓட்டிப் பழகியது பிஎம்டபிள்யூ சாபரின் சோதனை ஓட்டுநராக. 2007-ல் இண்டியானாபொலிஸில் முதல் பந்தயம், முதல் புள்ளி, இரண்டும் அந்தக் காரில்தான். அதற்குப் பிறகே டோரோ ரோஸ்ஸோ. ஒரே பையன், இரண்டு சென்டர் பேனர்.

வெர்ஸ்டாப்பன் கதை இன்னும் தெளிவு. அப்பா யோஸ், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர். அம்மா சோஃபி கும்பென், பேர் பெற்ற கார்ட்டிங் ஓட்டுநர். குருகுலம் வீட்டிலேயே நடந்துவிட்டது. ரெட் புல் அவரைச் சேர்த்தது 2014 ஆகஸ்ட்டில். 2015 மார்ச்சில் 17 வயது 166 நாட்களில் அவர் ஆஸ்திரேலியாவில் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டுகிறார். நடுவில் ஏழு மாதம். ஏழு மாதத்தில் ஒருவரை 'வளர்த்தோம்' என்று சொன்னால், பிளஸ் டூ ரிவிஷன் கிளாஸுக்கு மட்டும் வந்த பையனை எல்கேஜியிலிருந்து நாங்கதான் படிக்க வைத்தோம் என்று சொல்வது மாதிரி. (அவர் வந்த வேகத்தைப் பார்த்து, 2016 முதல் சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று எஃப்ஐஏ விதியே போட்டுவிட்டது.)

துணிச்சலோடு சீட் கொடுத்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் சீட் கொடுப்பது வேறு, வளர்ப்பது வேறு. ஒப்பிட ஒரே ஒரு உதாரணம்: லூயிஸ் ஹாமில்டனை மெக்லாரன் சேர்த்தது 1998-ல், 13 வயதில். முதல் ஃபார்முலா 1 பந்தயம் 2007. ஒன்பது வருடம். அதற்கு முன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சோதனை ஓட்டம்.

இங்கே ரெட் புல்லுக்காகவும் ஒன்று பேசியாக வேண்டும். 2009 முதல் சீசன் நடுவே சோதனை ஓட்டம் தடை செய்யப்பட்டது. அந்த வருடம் ஹங்கேரியில் அல்கெர்சுவாரி 19 வயதில் டோரோ ரோஸ்ஸோவில் இறக்கப்பட்டபோது, ஃபார்முலா 1 காரை ஒரு தடத்தில் முழுதாக ஓட்டிப் பழகும் வாய்ப்பே அவருக்கு இருக்கவில்லை. பயிற்சிக்கு இடமில்லை என்றால் பந்தயம்தானே பயிற்சி? இது விதியின் தப்பு, மார்கோவின் தப்பு அல்ல. ஆனால் பந்தயம்தான் பயிற்சி என்று ஆன பிறகு, அதில் வாங்கிய மார்க்கை வைத்து உடனே டி.சி. கொடுப்பது யாருடைய தப்பு? அதே அல்கெர்சுவாரி, தன்னுடைய மிகச் சிறந்த சீசனை (26 புள்ளிகள்) முடித்த 2011 டிசம்பரில் நீக்கப்பட்டார். 25 வயதில் ரேஸிங்கை விட்டு விலகி இசைப் பக்கம் போய்விட்டார்.

2016 மே 15

இந்த அணியின் வரலாற்றில் அதற்கு மிக அதிகம் செலவு வைத்த நாள் எது என்று கேட்டால், ஒரு வெற்றி நாளைத்தான் சொல்வேன்.

டானியில் க்வியாட் 2015-ல் ரெட் புல்லில் 95 புள்ளிகள் எடுத்தார். அணித்தோழர் ரிக்கியார்டோ எடுத்தது 92. 2016-ல் சீனாவில் மூன்றாம் இடம். அடுத்த பந்தயம் சொந்த மண்ணான ரஷ்யாவில், முதல் சுற்றிலேயே வெட்டலின் காரை இரண்டு தடவை இடித்தார். பெரிய தப்புதான். உடனே அவரை டோரோ ரோஸ்ஸோவுக்கு இறக்கி வெர்ஸ்டாப்பனை ஏற்றினார்கள். மே 15, பார்சிலோனா. ஹாமில்டனும் ரோஸ்பெர்கும் முதல் சுற்றிலேயே ஒருவரை ஒருவர் மோதி வெளியேறினார்கள். 18 வயது வெர்ஸ்டாப்பன் ரெட் புல்லில் ஓட்டிய முதல் பந்தயத்தையே ஜெயித்தார்.

யோசித்துப் பாருங்கள். நடு சீசனில் ஆளை மாற்றினாய், அடுத்த பந்தயத்திலேயே கிராண்ட் பிரீ வெற்றி. இதைவிட ஆபத்தான ரிசல்ட் ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்கவே முடியாது. புரொடக்‌ஷன் சர்வரில் டெஸ்ட் பண்ணாமல் ஒரு மாற்றத்தை ஏற்றி, அது வேலையும் செய்துவிட்டால் அந்த டீம் அடுத்த பத்து வருடம் அப்படியேதான் ஏற்றும். அன்று வேலை செய்தது ஆளை மாற்றிய முறை இல்லை. மாற்றி வந்த ஆள் வெர்ஸ்டாப்பன்! ஒரே ஒரு சாம்பிள். அது கொள்கையாகிவிட்டது.

2019-ல் அதே சூத்திரம். காஸ்லி பன்னிரண்டு பந்தயங்களில் 63 புள்ளிகள், வெர்ஸ்டாப்பன் 181. காஸ்லியை இறக்கி ஆல்பானை ஏற்றினார்கள். 2020 முடிவில் ஆல்பானும் இல்லை. ஜூனியர் டீமில் ஆளே இல்லாத மாதிரி வெளியிலிருந்து செர்ஜியோ பெரெஸ் வந்தார். அவர் நான்கு வருடம் தாக்குப்பிடித்து, ஐந்து பந்தயங்கள் ஜெயித்து, கடைசியில் அவரும் தடுமாறி வெளியே. 2025-ல் லியாம் லாசன். இரண்டே பந்தயங்கள்! மூன்றாவது பந்தயத்துக்கு யூகி சுனோடா வந்துவிட்டார். அவராலும் முடியவில்லை, 2026-க்கு அவருக்கு சீட்டே இல்லை. கீழே போன லாசன் அதே வருடம் பாகுவில் ஐந்தாவதாக வந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. ஆனால் ஐந்து பேர் அடுத்தடுத்து அதே கூடத்தில் தடுக்கி விழுந்தால், ஒருதரம் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டாமா? அந்தக் காரின் மூக்கு எவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்பதை ஆல்பான் பின்னாளில் விளக்கியிருக்கிறார்: கம்ப்யூட்டர் மவுஸின் வேகத்தை உச்சத்தில் வைத்தால் தொட்டவுடன் அம்பு திரையின் மறுமூலைக்கு ஓடுமே, அப்படி. வெர்ஸ்டாப்பனுக்கு அது பிடித்திருக்கிறது. மற்ற யாருக்கும் ஒத்துவரவில்லை. கார் ஒருவரைச் சுற்றி வளர்ந்துவிட்டது. தேர்வில் தோற்றது மாணவன் என்று வருஷா வருஷம் எழுதினார்கள். வினாத்தாளை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம்

நியாயமாக இருக்க வேண்டுமே. இந்த சிஸ்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

கார் பந்தயம் பணக்காரர் விளையாட்டு. ஃபார்முலா 2-ல் ஒரு சீசன் ஓட்டவே பல கோடி ரூபாய் வேண்டும். அதை ஒரு நிறுவனம் கட்டியது என்பதே பல குடும்பங்களுக்கு வாசல் திறந்த விஷயம். தச்சர் மகன் நான்கு முறை உலக சாம்பியன் ஆனது சும்மா இல்லை. மும்பையின் ஜெஹான் தாருவாலாகூட 2020 முதல் 2022 வரை இந்தப் பட்டியலில் இருந்தார், ஃபார்முலா 2-ல் பந்தயங்கள் ஜெயித்தார். பிறகு கதவு மூடியது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கம்பி வேலிக்கு வெளியே நின்று சத்தம் கேட்டு வளர்ந்த என் மாதிரி ஆட்களுக்கு, அந்தக் கதவு மூன்று வருடம் திறந்திருந்ததே பெரிசு.

நீக்கப்பட்டவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. ரெட் புல் கட்டிய பணத்தில் கற்ற வித்தையை வைத்துத்தான் போர்ஷேயிலும் டொயோட்டாவிலும் ஜெயித்தார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். என் புகார் ஃபீஸ் கட்டியதைப் பற்றியது அல்ல. நுழைவுத் தேர்வை நடத்திவிட்டு அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்ததைப் பற்றியது.

என் பங்கு

இதை ஏன் இவ்வளவு நோண்டுகிறேன் என்றால், நானும் ஒரு தடவை மார்கோ வேலை பார்த்திருக்கிறேன்.

பத்து வருடம் முன்பு ஒரு சிறிய டீமுக்கு லீடாக இருந்தேன். கல்லூரி முடித்து நேராக ஒரு பையன் வந்தான், ஆறு மாத புரொபேஷன். எங்களிடம் ஒரு பழைய மாட்யூல் இருந்தது, எழுதியவர் வேலையை விட்டுப் போய் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கம்கூட விளக்கக் குறிப்பு கிடையாது. அதைத்தான் அவன் தலையில் கட்டினோம். டெஸ்ட் சர்வருக்கு அனுமதி வாங்கிக் கொடுக்கவே ஏழு வாரம் ஆனது. கேட்டால் "பரவாயில்லை சார், கோட் படிச்சிட்டு இருக்கேன்" என்பான். ஆறாவது மாதம் படிவம் வந்தது. 'எதிர்பார்த்த வேகம் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தது நான்தான். பொய் சொல்லவில்லை, வேகம் நிஜமாகவே இல்லை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது "தேங்க்ஸ் சார், நிறைய கத்துக்கிட்டேன்" என்றான். என்ன கற்றுக்கொடுத்தோம் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த பெண் நாலு மாதத்தில் தானாகவே போய்விட்டாள். மூன்றாவதாக, பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் வந்து முதல் வாரமே, "இதை உடைச்சுத் திரும்ப எழுதாம யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எழுதினோம். பிறகு யார் வந்தாலும் வேலை நடந்தது. அந்தப் பையனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் இப்போது வேறொரு இடத்தில் நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். "பார், நல்லாத்தானே இருக்கான்" என்று என் மனசு சமாதானம் சொன்னபோதுதான் உறைத்தது. அது ரெட் புல் ரசிகர்கள் புயெமியைப் பற்றிச் சொல்லும் அதே வாக்கியம்.

மோன்ஸாவில் இரண்டு பேர்

ஃபாயென்ஸா அணி தன் பெயர் மாற்றங்களையெல்லாம் தாண்டி 2025 வரை ஜெயித்தது இரண்டே பந்தயங்கள். இரண்டும் மோன்ஸாவில். 2008-ல் மழையில் வெட்டல், 21 வயதில். தாய் அணியான ரெட் புல்லே அப்போது ஒரு பந்தயமும் ஜெயித்திருக்கவில்லை. அது மேலே ஏறப்போகிறவரின் வெற்றி. 2020-ல் காஸ்லி. அது இறக்கிவிடப்பட்டவரின் வெற்றி.

காஸ்லி இறக்கப்பட்ட பிறகு வந்த முதல் பந்தய வாரத்தில், ஸ்பா தடத்தில், அவருடைய சின்ன வயது நண்பர் அந்துவான் யூபேர் ஃபார்முலா 2 விபத்தில் இறந்தார். வேலையில் அடி, வாழ்க்கையில் அடி, இரண்டும் ஒரே மாதத்தில். அந்த நவம்பரில் பிரேசிலில் அதே 'கீழ்' அணிக் காரில் கோடு வரைக்கும் ஹாமில்டனைத் தடுத்து இரண்டாவதாக வந்தார். அடுத்த செப்டம்பரில் மோன்ஸாவை ஜெயித்தார். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு மேடையிலேயே தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஷாம்பெயின் பாட்டில், முன்னால் ஆளே இல்லாத கேலரி. அந்தப் படத்தைத்தான் நான் இந்த அணிக்கு பேனராக வைப்பேன்.

2025 மெல்போர்னில் ஐசக் ஹஜார் தன் முதல் பந்தயம் தொடங்கும் முன்பே, ஃபார்மேஷன் சுற்றில் காரைச் சுவரில் விட்டுவிட்டு அழுதுகொண்டே நடந்து வந்தார். மார்கோ அதைச் சங்கடமான காட்சி என்று டிவியில் சொன்னார். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா ஆன்டனி ஹாமில்டன், வேறு அணிக்காரர், போய் அந்தப் பையன் தோளில் கை போட்டுக் கூட நடந்தார். அதே ஹஜார் ஆகஸ்ட்டில் ஸான்ட்வோர்ட்டில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். 2026-க்கு ரெட் புல் சீட்டும் அவருக்கே. மார்கோ 2025 டிசம்பரில் விடைபெற்றுவிட்டார்.

தேர்ந்தெடுத்த கண் மார்கோவுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுநர் வளர்ப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்த இருபது வயதுப் பையன் கூட நடந்து போன அப்பாவைத்தான் காட்டுவேன். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். எனக்கு அன்று அந்த ஒரு நிமிடம் இருந்தது. நான் டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.